ராசியான லேப்டாப்

மே 20, திங்கள்

பொருத்தம் பார்க்க வந்த திருமங்கலத்துப் பார்ட்டி பாதியில் எழுந்து போய்விட்டது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே இவ்வளவு ஒற்றுமை. பெண் ஜாதகத்தைத் தட்டினேன், பையன் ஜாதகத்தைத் தட்டினேன், 'பொருத்தம்' என்ற பொத்தானை அழுத்தினேன். லேப்டாப் ஊவென்று இரைந்தது. அப்புறம் பொசுக்கென்று அணைந்துவிட்டது. இந்த மாதத்தில் இப்படி ஆவது எத்தனையாவது முறை என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டேன்.

பையனின் அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்தி! ரெண்டு பேரையும் சேத்ததும் விளக்கு அணைஞ்ச மாதிரி அணைஞ்சு போச்சே!"

அண்ணன் உடனே கண்ணை மூடிக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார். "அம்பாள் உத்தரவு குடுக்கல."

வேன் கிளம்பியது. ஒரு நல்ல பெண்ணின் கல்யாணம், லேப்டாப் சூடாகிப் படுத்ததால் நின்றுபோனது. இதற்குப் பெயர் தெய்வ வாக்கு.

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. மதினி சொர்ணம் டிவி சீரியலின் பெயரை மட்டும்தான் படிப்பாள். அதனால் தைரியமாக எழுதலாம். என் அண்ணன், ஜோதிட கலாமணி குமரகுருவுக்கு ஜோதிடம் தெரியாது. அவரிடம் இருப்பது குரல் மட்டும். நான் அச்சடித்துக் கொடுப்பதை அவர் அந்தக் குரலில் வாசிப்பார், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அச்சடிப்பவள் அங்கயற்கண்ணி, வீட்டில் கயலு, பி.எஸ்சி. இயற்பியல், வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகாதவள். தெற்குவாசல் ஸ்ரீ குமரகுரு கம்ப்யூட்டர் ஜோதிட நிலையத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு மட்டும் பதினோரு வருடமாக நான் பொறுப்பு. மற்ற சொற்களுக்கெல்லாம் அவர்.

பார்ட்டி போனதும் என் மேல் பாய்ந்தார். "என்னத்தடி அமுக்குன?"

"பொருத்தத்தை அமுக்குனேண்ணே."

"பதமா அமுக்கணும்!"

லேப்டாப்பை என்ன பஞ்சாமிர்தம் என்று நினைத்தாரோ.

மே 21, செவ்வாய்

புது லேப்டாப் வாங்கலாம் என்றேன். முடியாதாம். இது ராசியான லேப்டாப்பாம். இது வந்த வருடம்தான் அவருக்குக் கலாமணிப் பட்டம் கிடைத்ததாம். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பொன்னாடை கூட நாங்கள் வாங்கிக் கொண்டுபோனதுதான்.

சரி, ரிப்பேர் கடைக்காவது கொடுக்கலாம் என்றேன். அதுவும் கூடாது. கடைக்காரன் உள்ளே இருக்கிற ஜாதகங்களை எல்லாம் நகல் எடுத்து ஆரப்பாளையத்து ஜோசியனுக்கு விற்றுவிடுவானாம். "வாசப்படி தாண்டக்கூடாது" என்றார். வயதுக்கு வந்த பெண்ணைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அப்படியென்றால் நானே கழற்றுகிறேன். செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். எவனோ ஒரு பையன், குரல் உடைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், இதே மாதிரிப் பழைய லேப்டாப்பைத் திறந்து பிராசசரை மாற்றுகிறான். பிராசசர் என்பது அதன் மூளை. பழைய மாடல்களில் அதைப் பலகையோடு ஒட்டியிருக்க மாட்டார்கள். ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். இதைவிட வேகமானதை அதே இடத்தில் உட்கார வைக்கலாம். மூளையை மாற்ற முடியும் என்றால் யாருடையதை முதலில் மாற்றுவேன் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துக் கடைக்காரரிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். சுந்தரமகாலிங்கம். சாமி படங்களுக்குப் பிரேம் போடுகிறவர். பெயர் நீளம் தாங்காமல் கடைப் பலகையில் கடைசி இரண்டு எழுத்தைச் சின்னதாக எழுதியிருக்கிறார். ஒரு தகர டப்பாவையே எடுத்துக் கொடுத்துவிட்டு, "எது வேணுமோ எடுத்துக்கங்க" என்றார். சட்டையில் இரண்டாவது பொத்தான் நூலில் தொங்குகிறது. கடை வைத்திருக்கிற மனுஷன் ஒரு பொத்தான் தைத்துக்கொள்ள மாட்டாரா? காதோரம் மட்டும் நரைத்திருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

மே 22, புதன்

மாவு அரைத்தேன். லேப்டாப் நான்கு முறை அணைந்தது.

மே 24, வெள்ளி

வெள்ளிக்கிழமை பூஜை. லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். பிறகு அதன் முகத்துக்கு நேரே சாம்பிராணி. அண்ணன் விசிறி வைத்து விசிறுவார். புகை திரையிலும் விசைகளிலும் பட்டு, பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே போகும். அப்படிப் போகும்போது அவருக்கு ஒரு பரவசம். "பாரு, உள்ள இழுத்துக்கிருது! அம்பாள் ஏத்துக்கிர்றா!" உள்ளே ஃபேன் ஓடுகிறது, அது இழுக்கத்தான் செய்யும் என்று பதினோரு வருடமாக நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

பிராசசருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். வாங்கி விற்பவர் சென்னையில் இருக்கிறார், பழைய சாமான்தான்.

சாயங்காலம் சுந்தரமகாலிங்கத்தின் அக்கா செண்பகம் வந்தாள். ஜாதகம் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து விசைப்பலகையை இழுத்தேன். அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு அண்ணனிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஜோசியரே, சுத்தி வளைக்கல. என் தம்பிக்கு உங்க தங்கச்சியக் கேக்க வந்துருக்கேன். அவனுக்கு மொத சம்சாரம் தவறி ஒம்போது வருசம் ஆச்சு. பிள்ளைகுட்டி இல்ல. குடி, சீட்டு எதுவும் கிடையாது."

நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். எல்லாம் கேட்டது. நான் மளமளவென்று எதையோ தட்டினேன். பிறகு பார்த்தால் ஒரு குழந்தைக்குப் பிறந்த வருடம் 2204 என்று போட்டிருந்தேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஜாதகம் இருக்கா?"

"எழுதி வைக்கல. பங்குனி உத்தரத்தன்னைக்குப் பொறந்தான். காலைல, பால்காரன் வர்ற நேரம். வருசம் எழுவத்தி ஏழு."

"லேப்டாப் சரியாகட்டும். பாத்துச் சொல்றேன்."

நாற்பத்தொரு வயதில் பெண் கேட்டு வருகிறார்கள். கூச்சமே இல்லாத ஜனம். எனக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, புளிக்குழம்பில் உப்பு அதிகம்.

மே 27, திங்கள்

இது ஏழாவது வரன். முதல் ஆறையும் அண்ணன்தான் பார்த்தார். ஆறும் பொருந்தவில்லை. ஒருவனுக்கு நாகதோஷம். ஒருவனுக்கும் எனக்கும் யோனிப் பொருத்தம் இல்லை. பாங்க் வேலைக்காரனுக்கு என்னால் மாமியார் போய்விடுவாளாம். அந்தக் கிழவி நேற்றுக்கூட மீனாட்சி பஜாரில் நைட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த ஆறு பேரும் போனதில் வருத்தமே கிடையாது. ஒருவனுக்குக் கழுத்தே இல்லை. இன்னொருவன் பஜ்ஜியை மெல்லும் சத்தம் தெருவில் கேட்டது.

சுந்தரமகாலிங்கத்தின் கடை வழியாகப் போகாமல் சுற்றுவழியில் போய்ப் பால் வாங்கினேன். வெயில் அதிகம், அதற்காகத்தான். சுற்றுவழியில் நிழலே இல்லை என்பது வேறு விஷயம்.

மே 29, புதன்

பிராசசர் வந்துவிட்டது. வெள்ளைப் பஞ்சுப் பலகையில் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். சீடை அளவுக்குக்கூட கனம் இல்லை. சின்னச் சதுரம், அடியில் மயிர்போல நூற்றுக்கணக்கில் ஊசிகள், ஒரு மூலையில் தங்க நிறத்தில் முக்கோணம். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டா?" என்றார். மூளை பெரிதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் போல.

நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிறு காலை ஆரம்பித்து எமகண்டத்துக்குள் மூடிவிட வேண்டுமாம்.

ஜூன் 2, ஞாயிறு

விரல் நுனியெல்லாம் கறுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

காலையில் மேஜையில் வெள்ளை வேட்டியை விரித்தேன். பேட்டரியைக் கழற்றினேன். அண்ணன் தேங்காய் உடைக்க வந்தார். "தண்ணி தெறிச்சா மொத்தமும் காலி" என்றதும் வாசலுக்குப் போய் உடைத்தார். அவரால் இன்று ஆன உதவி அதுதான்.

வெளிச்சம் போதவில்லை. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன், எச்சில் வழிந்தது. அப்போது பக்கத்துக் கடையிலிருந்து சுந்தரமகாலிங்கம் வந்தார். கையில் கண்ணாடி வெட்டும்போது வைத்துக்கொள்கிற விளக்கு. "புடிச்சுக்கிறவாங்க?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், செல்போன் கீழே விழுந்தது. பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பொத்தான் தைத்திருந்தார். யார் தைத்தார்களோ, எனக்கென்ன.

அடிமூடியைக் கழற்றினேன்.

உள்ளே லேப்டாப் இல்லை, மடப்பள்ளிதான் இருந்தது. ஃபேன் இறக்கைகளில் சாம்பிராணிப் பிசின் கறுப்பாகக் கட்டியிருந்தது. அதன் மேல் விபூதி, அதன் மேல் குங்குமம், அதன் மேல் மறுபடி பிசின். காற்று வெளியே போகிற செம்புச் சீப்பு முழுக்க அடைத்துக்கொண்டு, கம்பளி மாதிரி ஒரு அடை. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. அதில் ஒரு மல்லிகை மொட்டு வேறு.

"அம்பாள் ஏத்துக்கிட்டா" என்றேன்.

சுந்தரமகாலிங்கம் சிரித்தார். சிரிப்பு அடக்க முடியாமல் தும்மலாக மாறியது. விளக்கு ஆடாமல் முகத்தை மட்டும் திருப்பித் தும்மினார். அவ்வளவு பெரிய தும்மலுக்கு அது சாதனைதான்.

அவருடைய பிரேம் துடைக்கும் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். சூட்டை உறிஞ்சுகிற செம்புத் தகட்டைக் கழற்றினேன். பிராசசரின் மேல் இருந்த பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்தேன். ஸ்க்ரூவை அரைத் திருப்புத் திருப்பினேன். பழைய பிராசசர் தளர்ந்தது. ஓரங்களைப் பிடித்துத் தூக்கி, பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்தேன்.

அடுத்துப் புதியது. முக்கோணத்தை முக்கோணத்தோடு பொருத்தி, தானாக உட்கார விட வேண்டும். அழுத்தினால் ஊசி வளையும், வளைந்தால் தீர்ந்தது. இரண்டு முறை கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவிட்டேன். காலையில் சாப்பிடாததால்.

"மெதுவாங்க. ஒரு அவசரமும் இல்ல. வெளிச்சத்த நான் புடிச்சுக்கிட்டேதான் இருப்பேன்" என்றார்.

பெரிய வசனம். ஆனால் மூன்றாவது முறை திரும்ப எடுக்கவில்லை. பிராசசர் சத்தமில்லாமல் குழிக்குள் இறங்கியது.

பாசிப்பயறு அளவு புதுப் பேஸ்ட் வைத்து, தகட்டை அதில் எழுதியிருக்கிற எண் வரிசைப்படி முடுக்கி, ஃபேன் ஒயரைச் சொருகி, மூடி, பட்டனை அமுக்கினால் திரை கறுப்பு. மறுபடி அமுக்கினேன், அதே கறுப்பு.

வாசலிலிருந்து கலாமணியின் குரல். "எமகண்டம் ஆரம்பிச்சு அரை மணி நேரமாச்சு! நான் சொன்னேன்ல?"

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. சுந்தரமகாலிங்கம் அறிவுரை சொல்லவில்லை, தானும் கை வைக்கிறேன் என்று வரவில்லை. விளக்கை மறுபடி தூக்கிப் பிடித்தார். அவ்வளவுதான். மூடியை இன்னொரு முறை கழற்றினேன். மெமரி பட்டை ஒன்று பாதிதான் உட்கார்ந்திருந்தது, துடைக்கும்போது நான்தான் தளர்த்தியிருக்கிறேன். டக்கென்று அமுக்கினேன். வெளிச்சம் வந்தது.

கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். நாற்பத்தொரு வயதுப் பொம்பளை இப்படியா கத்துவது. அவர், "போட்டீங்களே! போட்டுட்டீங்களே!" என்று விளக்கை ஆட்டினார். அதுவரை ஆடாத விளக்கு.

ஜூன் 3, திங்கள்

லேப்டாப் பறக்கிறது. ஆனால் ஜாதகம் வராது.

எங்கள் ஜாதக மென்பொருளின் பெயர் கிரகமாலை. அதைத் திறந்தால், 'இந்தக் கணினி அனுமதிக்கப்படவில்லை, உரிமச் சாவியை இடவும்' என்று நிற்கிறது. செய்து விற்றவர் கும்பகோணத்துக்காரர். போன் போட்டேன். மகன் எடுத்தார். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறாராம்.

"அப்பா தவறி மூணு வருஷம் ஆவுதுங்க. யாரும் நகல் எடுக்கக் கூடாதுன்னு பிராசசரோட நம்பரப் பாத்துப் பூட்டுப் போட்டுருக்காரு. அதே பிராசசர் உள்ள இருந்தாத்தான் தொறக்கும்."

"சாவி?"

"அவரு தலைக்குள்ளதாங்க இருந்துச்சு."

வேறு மென்பொருள் வாங்கலாம்தான். ஆனால் பதினோரு வருடத்து ஜாதகங்கள் முழுக்க இதற்குள் இருக்கின்றன. எதையும் வெளியே எடுக்க முடியாது. பழையதையே திரும்ப மாட்ட வேண்டும். தீப்பெட்டி என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. இப்போதே மாட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"கிறுக்கா ஒனக்கு? தேய்பிறை. வியாழக்கெழம அமாவாசை. வெள்ளிக்கெழம காலைல வளர்பிறை. அப்பத் தொடு. அதுக்கு முன்னால அதுமேல ஒன் விரல் படக்கூடாது."

ஜூன் 4, செவ்வாய்

வந்தவர்களை எல்லாம் அண்ணன் திருப்பி அனுப்புகிறார். "கிரகங்க ஓய்வுல இருக்கு, வெள்ளிக்கெழம வாங்க" என்கிறார். ஜனங்களும் பயபக்தியோடு போகிறார்கள். சனி பகவான் லீவில் போயிருக்கிறார் என்றால்கூட நம்பும் ஊர்.

ஒரே ஒரு பெரியவர், "பஞ்சாங்கத்தப் பாத்துக் கையால கணிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். அண்ணன் பஞ்சாங்கத்தை எடுத்தார், புரட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், இன்னும் புரட்டினார். பிறகு தலை சுற்றுகிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இயந்திரம் இல்லாவிட்டால் இந்த மனிதருக்கு ஒரு குழந்தையின் ராசியைக்கூடச் சொல்லத் தெரியாது.

ஜூன் 5, புதன்

செண்பகம் வந்தாள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்குச் சொன்னேனே ஜோசியரே, பாத்தீங்களா?"

"பாத்தேம்மா." அடிவயிற்றுக் குரல். "ரெண்டு தடவ பாத்தேன். ரஜ்ஜு தட்டுது. ஒன் தம்பி ஆயுசுக்கே ஆகாது. என் கூடப்பொறந்தவ, அவள விதவையாப் பாக்க எனக்குச் சம்மதமா சொல்லு?"

"சரி ஜோசியரே. அவன்ட்ட சொல்லிர்றேன்" என்று எழுந்தாள். போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

எதில் பார்த்தார்?

கிரகமாலை திறக்கவில்லை. அது திறக்க வேண்டிய பிராசசர் என் கைப்பையில், தீப்பெட்டிக்குள், பஞ்சுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் பார்த்திருக்கலாம் என்றால், அப்போதும் அதில் தட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

ரெண்டு தடவையாம்.

ஜூன் 6, வியாழன்

தூங்கவில்லை.

இந்த நிலையத்தில் ஒரு நாய்க்குட்டிக்கு ஜாதகம் கேட்டு வந்தாலும் தட்டுகிறவள் நான். அண்ணனுக்கு லேப்டாப்பை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது. ஆறு வரன் வந்தது, ஆறும் பொருந்தவில்லை. அந்த ஆறு தடவையில் ஒரு தடவையாவது என் ஜாதகத்தை நான் தட்டியிருக்கிறேனா?

இல்லை.

என் பிறந்த தேதி அந்த லேப்டாப்புக்குள் ஏறியதே இல்லை. ஊரையே முட்டாள் என்று எழுதித் தள்ளிய இந்த மகா அறிவாளிக்குப் பதினோரு வருடத்தில் அது உறைக்கவில்லை. 'நானே பாத்துட்டேம்மா' என்று அவர் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் போய் அடுத்தவள் ஜாதகத்தை அச்சடித்தேன். திருமங்கலத்து அத்தையைப் பார்த்துச் சிரித்தேனே, அவளாவது கண்ணால் பார்த்ததை வைத்துப் பேசினாள்.

கழுத்தில்லாதவனும் பஜ்ஜிக்காரனும் போனதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. ஆனால் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சுந்தரமகாலிங்கம் இன்று கடை திறக்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

காலையில் அண்ணன் குளித்து, பட்டை போட்டு, சாம்பிராணிக் கரண்டியோடு தயாராக நின்றார். லேப்டாப்புக்கு மாலை. வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். "ம், நல்ல நேரம். பழசப் போடு" என்றார்.

"அண்ணே, எனக்கும் அவருக்கும் பொருத்தம் எதுல பாத்தீங்க?"

புகை நடுவே அவர் முகம் தெரியவில்லை. "என்ன கேள்வி இது? மனக்கணக்குல பாத்தேன்."

"சரி. அவர் நட்சத்திரம் என்ன?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? ஆளுக நிக்கிறாக."

"சொல்லுங்க."

"பூசம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சத்தியமாகச் சிரிப்புதான். "பங்குனி உத்தரத்துல பொறந்தவருக்குப் பூசமாண்ணே? அவுக அக்கா ஒங்க முன்னால உக்காந்து சொன்னாக. பச்சப்பிள்ளையக் கேட்டாலும் உத்தரம்னு சொல்லுமே. நீங்க கணக்குப் போட வேணாம், காதுலயாவது வாங்கியிருக்கலாம்ல?"

வாசலில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். மதினி அடுக்களையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். அடிவயிற்றுக் குரல் எங்கோ போய்விட்டது, சாதாரணக் குரலில் பேசினார். இவருக்கு இப்படி ஒரு மெல்லிசான குரல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"நீ போயிட்டா இத யாரு பாக்குறது கயலு? எனக்கு அந்தப் பொட்டியத் தொறக்கக்கூடத் தெரியாது. நீ இல்லாட்டி நான் யாரு?"

அழுதார். எனக்கு இரக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பதினோரு வருடம் என்னை வைத்து ஊருக்கெல்லாம் கல்யாணம் முடித்து வைத்தவர். தங்கைக்கு வந்ததை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டார், ஏனென்றால் அவருக்குத் தட்டத் தெரியாது. இவ்வளவு அற்பமான காரணமா? ஒரு பெரிய கெடுதலாவது நினைத்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்தேன்.

"முக்கோணத்த முக்கோணத்தோட சேருங்க. அமுக்காதீங்க. பதமா."

பக்கத்துக் கடைக்குப் போனேன். சுந்தரமகாலிங்கம் ஒரு முருகன் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலைப் பிடித்தபடியே நின்றார்.

"உங்க அக்கா வந்து கேட்டது நீங்க சொல்லியா, அவுகளாவா?"

"நாஞ் சொல்லித்தாங்க."

"எங்கண்ணன் சொன்னது பொய். பாக்கவே இல்ல."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "பாத்து, நெசமாவே ஆயுசு கம்மின்னு வந்தா?"

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்ப வெரசாக் கட்டிக்கிருவோங்க. இருக்குற நாள எதுக்கு வீணாக்கணும்."

பேசத் தெரியாத மனுஷன் என்று நினைத்திருந்தேன். முருகன் படத்தைத் தூக்கி, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். கோணலாக இருந்தது. சொன்னேன். சரி செய்தார்.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ஜோதிட நிலையம் பூட்டியே கிடக்கிறது. வீட்டில் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மதினி, நான் மாடிக்குப் போகும்போது தன் அரக்குப் பட்டை என் கையில் திணித்துவிட்டு, "ஒனக்கு இந்தக் கலர் நல்லாருக்கும்" என்றாள். சீரியல் மட்டும் பார்க்கிறவள் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

ஜூன் 11, செவ்வாய்

அண்ணன் நான் இருந்த பிரேம் கடைக்கே வந்துவிட்டார். வாசப்படி தாண்டக்கூடாத லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சிசுவைக் கொண்டுவருவது போல வந்தார். மேலே தீப்பெட்டி. அதைத் திறந்திருக்கவே இல்லை. பயந்திருக்கிறார். அதுவரை புத்தி இருக்கிறது.

"இதை மட்டும் மாட்டிக் குடுத்துரு."

மாட்டினேன். சுந்தரமகாலிங்கம் விளக்குப் பிடித்தார். இந்த முறை ஒரே தடவையில் உட்கார்ந்தது. பட்டனை அமுக்கியதும் எழுந்தது. கிரகமாலை ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. சோதனைக்கு ஒரு பொருத்தம் போட்டுப் பார்த்தேன், நொடியில் வந்தது. பழைய பிராசசர்தான், புதியதைப் போலவே ஓடுகிறது. அணையவில்லை. இரையக்கூட இல்லை.

அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியா! ராசி திரும்பிருச்சு!"

"ராசியில்லண்ணே. அது மொதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க ஊதுன சாம்பிராணி மூச்சடைச்சுப் போட்டுருச்சு. புதுசே வாங்கியிருக்க வேண்டியதில்ல. இனி அதுக்கிட்டப் புகை போடாதீங்க. பட்டன் இது, தொறக்குறது இப்படி. தட்டுறதுக்கு ஒரு பிள்ளைய வேலைக்கு வச்சுக்கங்க. சம்பளம் குடுத்து."

தலையாட்டினார். லேப்டாப்பைத் தூக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். சுந்தரமகாலிங்கத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"எப்ப?" என்றார்.

"வர்ற வெள்ளிக்கெழம. காலைல கோயில்ல மாலை மாத்திட்டு, நேரா ரிஜிஸ்தர் ஆபீஸ். டோக்கன் போட்டாச்சு. நீங்களும் மதினியும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்துருங்க."

அண்ணன் விரல்களை மடக்கினார். அமாவாசையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கணுவாகத் தொட்டு, உதடுகளை அசைத்து எண்ணினார். லேப்டாப் இல்லாமல் அவர் ஒன்றைச் சரியாகக் கணித்து நான் பார்த்தது இதுதான் முதல் முறை. முகம் வெளுத்துவிட்டது.

"கயலு, அன்னைக்கு அஷ்டமியாச்சே! ஊர் ஒலகத்துல ஒருத்தன் நல்ல காரியம் பண்ண மாட்டானே!"

"தெரியும்ணே. அதான் அன்னைக்குக் கேட்டு வாங்குனோம். ஆபீஸ்ல கூட்டமே இருக்காது."